ஐந்தாம் லயத்தின் பட்டன்

வீட்டுக்கு வீடு போய் ஒலிபெருக்கி பொருத்தும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் எதையாவது எழுதித் தரவேண்டும் என்று உங்கள் முதலாளி கேட்டார். வழக்கமாக இப்படிக் கேட்டால் மறுத்துவிடுவேன். ஓய்வு பெற்றவன் வாயைத் திறந்தால் மூடமாட்டான் என்பது எனக்கே தெரியும். ஆனால் போன மாதம் உங்களில் ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்தார். கைப்பேசி வழியாகப் பாட்டு வருகிற பெட்டி ஒன்று எங்கள் கூடத்தில் இருக்கிறது. அதன் ஒலி அளவைச் சரிபார்க்க வந்தவர், கைப்பேசித் திரையில் மேலும் கீழும் நகர்த்துகிற பத்துக் கோடுகள் இருப்பதையும், அதில் ஐந்தாவது மட்டும் அடியில் கிடப்பதையும் பார்த்தார். "யாரோ தெரியாம இழுத்திருக்காங்க அங்கிள்" என்று சொல்லி அதை மேலே தள்ளி எல்லாவற்றையும் ஒரே நேராக்கினார். அது ஏன் அடியில் கிடக்கிறது என்பது பெரிய கதை. சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும், ரிங்லெட் என்ற மலைநாட்டு டவுனுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் வயர்மேனாக இருந்தேன். பகலில் தொழிற்சாலை மோட்டார்களோடு மல்லுக்கட்டுவது வேலை. அதோடு தோட்டத்து மண்டபத்தின் ஒலிபெருக்கி பொறுப்பும் என் தலையில் விழுந்திருந்தது. நீங்கள் இன்று காற்றில் அனுப்புவதை நாங்கள் கம்பியில் அனுப்பினோம், அவ்வளவுதான் வித்தியாசம். மண்டபத்தில் ஒரு ஆம்ப்ளிஃபையர். அதிலிருந்து பத்து லயங்களுக்கும் கம்பி போகும். லயம் என்றால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளின் வரிசை. ஒவ்வொரு வீட்டிலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் மரப்பெட்டிக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். காலையில் பக்திப் பாட்டு, பிறகு வானொலிச் செய்தி, நடுவில் தோட்ட அறிவிப்புகள். நான் எதைப் போடுகிறேனோ அதைத்தான் பத்து லயமும் கேட்டாகவேண்டும். இவ்வளவு அதிகாரம் தோட்டத்தை நடத்திய பெரிய துரைக்குக்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டு திரிந்த காலம் அது.

அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பவானி, ஐந்தாம் லயத்துக்காரி. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில் வேலை செய்தாள். நானே பார்த்து, நானே பிடித்துப்போய், மூன்று மாதம் யோசித்து, ஆளனுப்பிக் கேட்ட பெண். அவளுடைய அப்பா அங்கமுத்து கங்காணி. முப்பது பேரை வேலைக்கு நடத்திப் பழகியவர். சம்மதம் சொல்வதற்கே ஆறு வாரம் எடுத்துக்கொண்டார். தை மாதம் என்று பேசி முடித்திருந்தார்கள். இந்தக் கதையில் எனக்கு வேண்டியிருந்தது அந்தத் தை மாதம் ஒன்றுதான். மற்றதெல்லாம் அதன் குறுக்கே வந்து விழுந்தவை.

முதலில் வந்து விழுந்தது ஈக்குவலைசர். மாற்றலாகிப் போன சின்னத் துரை ஒருவர், தன் பங்களாவில் வைத்திருந்ததை மண்டபத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்புப் பெட்டி. முகப்பில் மேலும் கீழும் நகர்கிற பத்துப் பட்டன்கள். முதல் பட்டன் மிகக் கனத்த ஒலிக்கு, பத்தாவது மிக மெல்லிய கீச்சுக்கு, நடுவில் இருப்பவை நடுவில் இருக்கிற ஒலிகளுக்கு. உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தக் காலத்தில் ரிங்லெட் டவுனில் ஒரு காய்கறி லோரி ஓட்டுநர் ஓய்வு நேரத்தில் கல்யாண வீடுகளுக்கு சவுண்டு செட் வாடகைக்கு விடுவார். என் வயதுதான் இருக்கும். அவர் பெயரைக் கடைசிவரை கேட்கவே இல்லை, அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. பெட்டி வந்திருப்பதைச் சொன்னதும் முட்டைக்கோஸ் மூட்டையின் மேல் உட்கார்ந்தபடியே ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "ஏத்துறதுக்கு முந்தி எத எறக்கலாம்னு பாருலா." நாற்பது ஆண்டுகளில் நான் கற்றதில் பாதி அந்த ஒரு வரிதான்.

ஒரு வாரம் காதை வைத்துக் கேட்டேன். எங்கள் மரப்பெட்டிகள் எல்லாமே ஒரே ஆசாரி செய்தவை. எல்லாவற்றுக்கும் ஒரே குறை. பேச்சு பானைக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். அந்தப் பானைச் சத்தம் குடியிருந்தது ஐந்தாவது பட்டனில். அதை நன்றாக அடிக்கு இறக்கினேன். நான்கையும் ஆறையும் கொஞ்சம் இறக்கினேன். வார்த்தை தெளிவதற்காக ஏழையும் எட்டையும் ஒரு துளி ஏற்றினேன். அவ்வளவுதான். மறுநாள் செய்தி வாசித்தவர் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து வாசித்தார். தோட்டமே மெச்சியது. கங்காணி என்னைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தார். அவர் அகராதியில் அது கைதட்டல்.

அடுத்து வந்தவர் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர். தோட்டத்தில் பொருள்களைச் சரிபார்க்கும் காலம் வந்தால் அவர் வெள்ளைச் சாயத்தையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் தோட்டத்தில் எண் இல்லாதது எதுவுமே இல்லை. தேயிலைக் காட்டுக்கு எண், லயத்துக்கு எண், கொழுந்தெடுக்கும் ஆளுக்கு எண், அவள் முதுகில் இருக்கிற கூடைக்கு எண், மண்டபத்து நாற்காலிக்கு எண். பெயரைச் சொல்லி ஆளைக் கேட்டால் யோசிப்பார்கள், எண்ணைச் சொன்னால் வீட்டைக் காட்டுவார்கள். அப்படி வந்த கிராணி ஈக்குவலைசரைப் பார்த்தார். பட்டன்களை எண்ணினார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரைக்கும் அழகாக எழுதிவிட்டுப் போனார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எழுதிவிட்டுப் போகட்டும், நமக்கும் குறித்துவைக்க வசதி என்று விட்டுவிட்டேன். அது என் முதல் தவறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாவுக்கான கூட்டம் மண்டபத்தில் நடந்தது. தலைவர் வரத் தாமதமானது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணில் பெட்டி பட்டது. பத்துப் பட்டன்கள். பத்து எண்கள். தோட்டத்தில் பத்து லயங்கள். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அங்கமுத்து கங்காணி எழுந்து வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார். பத்தில் அடியில் கிடந்தது ஐந்து.

"என்னா தம்பி, எங்க லயத்த மட்டும் தரையில போட்டு வச்சிருக்க?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அது இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது. சிரித்துவிட்டு விளக்கம் கொடுக்கவும் ஆரம்பித்தேன். கனத்த ஒலி, மெல்லிய ஒலி, பானைச் சத்தம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் எண் எதற்காகப் போட்டிருக்கிறது என்றார். கிராணி அங்கேயே இருந்தார். எண் போட்டது அவர்தான், அவரே சொல்லட்டும் என்று திரும்பினேன். தோட்டச் சொத்துக்கு எண் காரணமில்லாமல் போடப்படுவதில்லை என்று கிராணி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். தன் வேலையை யாரோ குறை சொல்வதாக அவர் நினைத்துவிட்டார்.

சரி, சோதனை செய்து பார்ப்போம் என்றேன். கங்காணியைத் தன் வீட்டில் போய் உட்காரச் சொல்லிவிட்டு ஐந்தாவது பட்டனை மேலும் கீழும் இழுத்தேன். திரும்பி வந்தவர், சத்தம் மாறியது, ஆகவே அது தன் லயத்துப் பட்டன் என்றார். உலகத்தில் எல்லா வீட்டிலும் அது மாறியிருக்கும் என்று சொல்லிவிட்டு, மறுபடி அவரை அனுப்பி இம்முறை மூன்றை இழுத்தேன். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் மூன்றாவது பட்டன் செய்கிற வேலை பெரிதாகத் தெரியாது. ஒன்றும் மாறவில்லை, ஏனென்றால் அது மூன்றாம் லயத்துடையது என்று அவர் வந்து சொன்னார். இதற்குள் மூன்றாம் லயத்துக்காரர் ஒருவர் தன் வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பிவந்து, தன் ஸ்பீக்கரில் பெரிய மாற்றம் தெரிந்ததாகவும் தன்னைக் கேட்காமல் யாரும் அதைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். அறிவியல் அன்று எங்கள் மண்டபத்தை விட்டு வெளியேறியது.

அடுத்த வாரம் முழுக்க எனக்குத் தொழிற்சாலையில் நிம்மதி இல்லை. லயத்துக்கு ஒருவராக வந்தார்கள். ஆறாம் லயம் ஏழாம் லயத்தைவிட இறங்கியிருப்பது ஏன் என்று கேட்டார்கள். நான்காம் லயத்தில் ஒருவர், தன் மாமியாருக்குக் காது கேட்காமல் போனது என்னால்தான் என்றார். ஒன்று, இரண்டு, பத்து ஆகிய பட்டன்கள் எங்கள் ஸ்பீக்கர்களில் என்ன செய்தாலும் கேட்காதவை. அதனால் அந்த லயத்துக்காரர்கள் வந்தால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் உச்சிக்குத் தள்ளிவிடுவேன். போகிறபோதே சத்தம் கூடிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். பத்தாம் லயத்துப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் கொஞ்சம் நிமிர்ந்தே நின்றதாகக் கேள்வி. எனக்கு நட்டமில்லாத சலுகை என்று நினைத்து அள்ளிக் கொடுத்தேன். அதற்கும் விலை இருந்தது, பின்னால் சொல்கிறேன்.

சனிக்கிழமை கங்காணி என் வீட்டு வாசலுக்கே வந்தார். உள்ளே வரவில்லை. அம்மா கொடுத்த தேநீரையும் வாங்கவில்லை. ஊருக்கு முன்னால் தன் லயத்தைக் கீழே வைத்தவனுக்குத் தன் பெண்ணைக் கொடுத்தால் தன்னை யார் மதிப்பார்கள் என்று கேட்டார். "அஞ்சு எல்லாரோடயும் சமமா நிக்கட்டும். அப்புறம் தை மாசத்தப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் நேராக ஆயாக் கொட்டகைக்குப் போனேன். பவானி ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றைக் காலடியிலும் வைத்துக்கொண்டு கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளாவது புரிந்துகொள்வாள் என்று பானைச் சத்தத்தை மறுபடி தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா அப்பா சத்தத்தப் பத்தியா கேட்டாரு? எங்க லயம் பள்ளத்துல இருக்கு. தண்ணி எங்களுக்குக் கடைசி, வெறகு லோரி கடைசி, கூரை மாத்துறதும் கடைசி. இப்ப பாட்டும் கடைசியான்னு கேக்குறாரு. அதுக்கு நீங்க மெஷினப் பத்தி பதில் சொன்னா எப்படி?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு நாளும் நான் பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தேனே தவிர, எதிரில் நின்ற மனிதரோடு பேசவில்லை. ஆனால் வெட்கப்பட்டவன் புத்திசாலித்தனமாக எதையாவது செய்வான் என்று நம்பிவிடாதீர்கள். நான் மண்டபத்துக்குப் போய்ப் பத்துப் பட்டன்களையும் ஒரே உயரத்துக்கு, அதாவது உச்சிக்கே ஏற்றிவிட்டேன். கிராணி அடிக்கோலை வைத்து அளந்து, நேராக இருப்பதாகக் கையெழுத்தும் போட்டார்.

ஒலி எப்படி இருந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஏற்றினால் எதுவுமே ஏறாது. ஆம்ப்ளிஃபையர் தாங்கமுடியாமல் கரகரத்தது. பக்திப் பாட்டு, செய்தி, விளம்பரம் எல்லாம் ஒரே இரைச்சல். ஆனால் தோட்டம் முழுக்கத் திருப்தி. இப்போதுதான் கேட்க நன்றாக இருக்கிறது என்று பத்து லயமும் சொன்னது. அறிவிப்புகள் மட்டும் யாருக்கும் புரியவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்க ஆட்கள் மண்டபத்துக்கு நேரில் வர ஆரம்பித்தார்கள். கூட்டம் அதிகமானதால், அறிவிப்பின் விவரத்தை மண்டபத்துக்கு வந்து தெரிந்துகொள்ளலாம் என்று ஓர் அறிவிப்பு செய்தேன். அதுவும் புரியாமல் அதைக் கேட்கவும் வந்தார்கள்.

கங்காணி மட்டும் என்னை மறுபடி மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தார். வேலை முடிந்த பிறகு பெட்டிக்கு அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மற்ற லயத்துக்காரர்கள் வந்து ஐந்தைத் தொட்டுவிடக் கூடாதே என்று காவல். கல்யாணப் பத்திரிகை ஈப்போவுக்கு அச்சுக்குப் போயிற்று. நான் காதைப் பொத்திக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன். இப்படியே மூன்று வாரம் போயிற்று.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். மழையால் வேலை நின்று போனதால் கங்காணி வழக்கம்போலத் தன் நாற்காலியில் இருந்தார். மண்டபத்துத் தொலைபேசி அடித்தது. பெரிய துரை. அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. ஐந்தாம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் மண் வெடித்திருக்கிறது, வடிகால் கானில் சேறாக வருகிறது, எல்லோரையும் உடனே வெளியேறச் சொல். அடுத்துச் சொன்னதுதான் முக்கியம். அவர்கள் எப்போதும் வருகிற பாலம் ஆடிக்கொண்டிருக்கிறது, அந்தப் பக்கம் ஒருவரும் போகக்கூடாது, தேயிலைக் காட்டுப் படி வழியாக மேலேறி மண்டபத்துக்கு வரச் சொல். லோரியில் ஆளனுப்பியிருக்கிறேன், ஆனால் அவர்கள் சுற்றி வந்து சேர அரை மணி ஆகும்.

ஆயாக் கொட்டகை இருந்தது ஐந்தாம் லயத்தின் கடைசி அறையில். காட்டில் வேலை நின்றாலும் சில தாய்மாரைத் தொழிற்சாலைக்கு அனுப்பியிருந்ததால், உள்ளே பதினொரு பிள்ளைகளோடு பவானி.

மைக்கைப் பிடித்துச் சொன்னேன். எனக்கு ஓரடி தூரத்தில், மண்டபத்துச் சுவரிலேயே ஒரு ஸ்பீக்கர் உண்டு. அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த கங்காணி காதில் கையை வைத்துக்கொண்டு, "என்னா தம்பி சொல்ற, ஒண்ணும் வெளங்கலியே" என்றார். தகரக் கூரையில் மழை. ஸ்பீக்கரில் இரைச்சல். பக்கத்தில் இருப்பவருக்கே விளங்காதது பள்ளத்தில் யாருக்கு விளங்கும்? வெளியே வா என்பது மட்டும் அரைகுறையாகப் புரிந்து, பாலத்தைப் பார்த்து அவர்கள் ஓடினால் என்ன ஆகும்? 

தொலைபேசியில் வந்த செய்தியைக் கங்காணியிடம் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஒன்றையும் இரண்டையும் இழுத்து அடிக்குப் போட்டேன். நட்டமில்லை என்று நான் உச்சிக்கு ஏற்றிக் கொடுத்தேனே, அந்தக் கேட்காத கனத்த ஒலிதான் ஆம்ப்ளிஃபையரின் பலத்தையெல்லாம் தின்றுகொண்டிருந்தது. கரகரப்பு கொஞ்சம் அடங்கியது. மூன்று, நான்கு. பிறகு ஐந்தில் கை வைத்தேன். கங்காணி என் மணிக்கட்டைப் பிடித்தார். தேயிலைக் கவாத்து வெட்டிய கை அது. நகர்த்த முடியவில்லை.

"மத்ததெல்லாம் எறக்கிக்க. அஞ்சத் தொடாத. எம் புள்ள அங்கதான் இருக்கா. அவளுக்குக் கேக்காமப் பண்ணிறாத" என்றார். 

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், தம்பிகளே. அவர் பிடிவாதக்காரர், படிக்காதவர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்த நிமிடத்தில் நாங்கள் இருவரும் ஒரே காரியத்துக்காகத்தான் மல்லுக்கட்டினோம். அவள் காதில் வார்த்தை விழவேண்டும். எனக்குத் தெரிந்த விளக்கத்தை ஏற்கெனவே ஒரு மணி நேரம் சொல்லித் தோற்றிருக்கிறேன். இப்போது அரை நிமிடம்கூட இல்லை. இவரைத் தள்ளிவிட்டு இழுக்கலாம், ஆனால் அவர் மறுபடி ஏற்றாமல் இருக்க யார் காவல்? அவருக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். முப்பது வருடமாக அவர் பார்த்தது கான், அடைப்பு, தண்ணீர். என் பட்டனைப் பற்றி அல்ல, அவருடைய கானைப் பற்றிப் பேசினேன்.

"மாமா, அஞ்சாம் லயத்துக் கம்பியில சத்தம் ரொம்பி அடைச்சுக் கெடக்கு. அடைப்ப எறக்கி விட்டாத்தான் வார்த்த உள்ள ஓடும். நான் எறக்கல. நீங்களே உங்க கையால எறக்கி விடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிறேனா என்று பார்த்தார். நான் சொன்னதில் எவ்வளவு பொய், எவ்வளவு உண்மை என்று இன்றுவரை எனக்கே கணக்குத் தெரியாது. பிறகு மணிக்கட்டை விட்டார். தன் கட்டைவிரலால் ஐந்தாவது பட்டனைத் தொட்டு, பிள்ளையை இறக்கிவிடுவதுபோல மெல்ல அடிவரைக்கும் இறக்கினார்.

பானைச் சத்தம் போய்விட்டது. மைக்கில் என் மூச்சுகூடச் சுவர் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். பாலத்துப் பக்கம் போகாதீர்கள். காட்டுப் படி வழியாக மேலே வாருங்கள். பத்து முறை சொன்னேன், இருபது முறை சொன்னேன். கங்காணி அதற்குள் மழையில் இறங்கிப் படிக்கட்டின் தலைமாட்டுக்கு ஓடிவிட்டார்.

முதலில் வந்தது பவானிதான். துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, பிள்ளைகளை அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கச் செய்திருந்தாள். நடக்கத் தெரியாத ஒன்றைத் துண்டால் முதுகில் கட்டியிருந்தாள். பின்னாலேயே ஐந்தாம் லயம் முழுக்க வந்தது, கோழிகளோடும் சட்டி பானைகளோடும். எல்லோரும் மேலே வந்து சேர்ந்து கொஞ்ச நேரத்தில் மேடு சரிந்தது. லயத்தின் குளியலறைகளும் கோழிக் கூண்டுகளும் ஆயாக் கொட்டகையின் பின்சுவரும் போயின. பாலமும் போயிற்று. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் மைக்கை வைத்துவிட்டு, கிராணி எண் போட்ட நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று இருந்தது.

கங்காணி ஈரத்தோடு மகளின் முன்னால் நின்று, கேட்டதா என்று மட்டும் கேட்டார்.

"கேட்டுச்சுப்பா. பாலம் வேணாம், படியில வான்னு தெளிவா கேட்டுச்சு. மூணு வாரத்துல அந்தப் பொட்டியில எனக்கு வெளங்குன மொத வார்த்த அதுதான்" என்றாள்.

அவர் தலையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தேநீர் கிடைக்குமா என்று கேட்டார்.

இத்தோடு தோட்டத்துக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு எங்கள் தோட்டம் தெரியாது. ஐந்தைத் தன் கையாலேயே இறக்கிவிட்டதாகவும், இறக்கினால்தான் வார்த்தை ஓடும் என்றும் கங்காணி போகிற இடமெல்லாம் சொன்னார். மறுவாரம் பத்தாம் லயத்திலிருந்து ஆள் வந்தது. தங்கள் பட்டனை உச்சியில் ஏற்றி வைத்து இத்தனை நாள் ஏமாற்றிவிட்டேனாம், உடனே இறக்க வேண்டுமாம். ஏற்கெனவே அடியில் கிடந்த ஒன்றும் இரண்டும், முதலிலேயே ஏன் இறக்கவில்லை என்று கேட்டு வந்தன. பழைய அளவுக்குத் திரும்பி ஒரு துளி ஏறியிருந்த ஏழாம் லயமும் எட்டாம் லயமும் தங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை என்று துரையிடமே மனு கொடுத்தன. நான் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு போய் கிராணியின் எண்களைச் சுரண்ட ஆரம்பித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. கங்காணி வந்து பக்கத்தில் நின்றார். ஐந்தை மட்டும் விட்டுவிடு என்றார். விட்டுவிட்டேன். நான் அந்தத் தோட்டத்தை விட்டு வரும்வரை அந்தப் பெட்டியில் இருந்த ஒரே எண் அதுதான்.

கல்யாணம் தை மாதமே நடந்தது, அதே மண்டபத்தில். பெண்ணை அழைத்து வரச் சொன்ன நேரத்தில் பெண்ணின் அப்பாவைக் காணவில்லை. தேடிப்போனால், பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகப் பெட்டியின் முன்னால் குனிந்து, ஐந்து அடியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துத் திருப்தியான பிறகுதான் மேடைக்கு வந்து எனக்குப் பெண்ணைக் கொடுத்தார்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வீட்டுக்குப் போய் நீங்கள் கோட்டை நேராக்குங்கள், வளையுங்கள், உங்கள் கருவி சொல்கிறபடி செய்யுங்கள். உங்கள் காது என் காதைவிட நல்ல காதாகவே இருக்கட்டும். ஆனால் அந்த வீட்டுக்காரர் ஒரு கோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றால், ஒலியைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். சிரிக்கவும் சிரிக்காதீர்கள். அந்தக் கோட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன மாதம் வந்த தம்பிக்கு ஒரு சேதி. நீங்கள் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கிய பிறகு பவானி அடுப்படியிலிருந்து வந்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். பத்துக் கோடும் நேராக நின்றன. இந்தப் பெட்டி அந்தப் பழைய மரப்பெட்டி இல்லை, இதில் ஐந்தை இறக்கினால் பாட்டு உள்ளொடுங்கித்தான் போகும், அந்தப் பையன் வைத்ததுதான் சரியான அளவு என்று நானும் உங்களுக்காகப் பரிந்து பேசினேன். அவள் கட்டைவிரலால் ஐந்தாவதை மெல்ல அடிவரைக்கும் இறக்கினாள்.

"இருக்கட்டுங்க. அது எங்கப்பா வீடு" என்று சொல்லி, கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.